பனியில் வெள்ளைக் கிடா

ஹாஃப்லிதி கொண்டுவந்த படத்தில்
என் கணினிக்கு ஒன்றும் தெரியவில்லை.
வெள்ளைப் பனி, அதன்மேல் வெள்ளைக் கிடா.
நிழலை ஏழு படியாகப் பிரித்துக்கொடு என்றேன்.
ஆறு படி வெறுந்தாள்.
ஏழாவதில் இரண்டு கண், ஒரு மூக்கு,
காதில் தொங்கும் வில்லையின் எண்.

"இவ்வளவுதானா?"
"இயந்திரம் பார்த்தது இவ்வளவுதான்."
"அதற்கு ஆடு தெரியாது" என்று
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஈசாஃபியோர்தூரில் நவம்பர்.
மலை எழுந்து நின்று வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் வாரம்.
பள்ளிக்கூடத்துப் பின்னறையில்
மீன் தொழிற்சாலை கழித்துப்போட்ட லேசர்
புகைக்குழாய் வழியே இருமிக்கொண்டிருந்தது.

ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டு
திரையில் விரல் வைத்தார்.
இங்கே கொம்பு ஒன்றரைச் சுற்று.
இங்கே சில்லு போயிருக்கும், த்ராஸ்தியின் இரும்புக் கதவு.
இங்கே கழுத்துக்குக் கீழே மயிர் பழுப்பு,
வைக்கோலில் முகம் புதைத்தே படுப்பான்.
இங்கே முதுகு. இல்லை, இன்னும் கீழே.
இன்னும்.
என் மவுஸ் அவர் விரலுக்குப் பின்னால்
மந்தைக்குப் பின்னால் போகிற நாய் மாதிரி ஓடியது.
கண்ணாடியெல்லாம் கைரேகை.

"உயிரோடு இருக்கிறானா?"
"அக்டோபரில் சாப்பிட்டோம்" என்றார்.
"கறி கொஞ்சம் கடினம்."

தாளுக்கு ஒரே சட்டம்:
எதையும் பற்றாதது விழும்.
விழுவதைத் தீவு என்போம்.
தீவுக்காரரிடம் இதைச் சொல்ல
எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.
விழாமல் இருக்க மயிரிழையில் ஒரு பாலம் விடுவோம்;
தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது.

கொம்புக்கு விட்டேன். காதுக்கு விட்டேன்.
இடக்கண்ணில் ஒரு வெளிச்சப் பொட்டு,
கருவிழிக் கோட்டுக்குள் எள்ளளவு வெள்ளை.
அதற்குப் பாலம் விட்டால் கண்ணில் பூ விழுந்த மாதிரி ஆகிவிடும்.
"எடுத்துவிடலாமே" என்றேன்.
பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்.
பெரிதாக்கினேன்.
வெள்ளைக்குள் ஒரு கறுப்புக் கீறல்,
கீறலின் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கீறல்.

"அது நான்.
அது தீவன வாளி."

அரை மில்லிமீட்டர்.
லேசரின் கதிரே அதைவிடத் தடிமன்.
முதல் தடவை அவர் எரிந்தார்.
இரண்டாம் தடவை வாளி மட்டும் எரிந்தது.
மூன்றாம் தடவை பொட்டு முழுசாக வந்தது,
உள்ளே யாருமில்லாமல்.
சல்லடைத் தட்டில் தேடி, இடுக்கியில் எடுத்து,
மூச்சை அடக்கி ஒட்டினேன்.
உள்ளே யாருமில்லை என்று சொன்னேன்.
"எனக்குத் தெரியும்ல, போதும்" என்றார்.

ஏழு தாளையும் அடுக்கியபோது
கீழே அடர்நீலம், மேலே பால்வெள்ளை.
விளக்கைச் சாய்த்ததும்
விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று நிழல் போட
கிடா பனியிலிருந்து எழுந்து நின்றது,
இப்போதுதான் உதறிக்கொண்டதுபோல.
கருகிய ஓரத்தை அவர் முகர்ந்து பார்த்தார்.
"சூடு வைத்த கொம்பு வாசம்."
காசை எண்ணிக் கொடுத்தார், கூடவே
பத்திரிகையில் சுற்றிய ஒரு தொடை.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.

ஜனவரியில் போன் செய்தார்.
படத்தை வீட்டில் மாட்டவில்லையாம்,
கொட்டிலில், பெட்டையாடுகளுக்கு எதிரே.
ஒன்றும் தலை நிமிர்த்திப் பார்ப்பதில்லையாம்.
ஆட்டு மூச்சின் ஈரத்தில்
மேல் தாள் மட்டும் வளைந்து வருகிறதாம்.

கழற்றிக் கொண்டுவாருங்கள்,
கனத்தை வைத்து அழுத்தித் தருகிறேன் என்றேன்.

பின்னால் ஏதோ ஒன்று தொட்டியை முட்டியது.

"வேண்டாம்" என்றார்.
"கொம்புதான் வளைகிறது.
வளரட்டும்."